வெள்ளிக்கிழமை இரவின் நூலுரையாடல்: பிரான்சின் ‘அப்போஸ்த்ரோஃப்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியும் எழுத்தாளர், அறிஞர் பேச்சின் மதிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் அழைத்துப் பேசவைக்கும் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிகளை நூல் விளம்பரத்தின் ஒரு கிளையாகவே கல்விப்புலம் கருதிவந்துள்ளது. 1975 முதல் 1990 வரை பிரான்சில் வாரந்தோறும் ஒளிபரப்பான ‘அப்போஸ்த்ரோஃப்’ நிகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டு, அக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நூலைப் படித்த மற்றொருவர் நூலாசிரியரின் எதிரில் அமர்ந்திருக்கும்போது அந்த உரையாடல் திறனாய்வாக மாறுகிறது. அத்தகைய ஒருவர் இல்லாதபோது, அல்லது இருந்தும் வாய்திறவாதபோது, அது உபசாரமாகச் சுருங்குகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: உரையாடல் நிகழ்ச்சி, பெர்னார் பிவோ, தொலைக்காட்சியும் இலக்கியமும், வாய்மொழித் திறனாய்வு, ஒலி ஒளி ஆவணம்.

முன்னுரை

அப்போஸ்த்ரோஃப் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. எழுத்து விடுபட்டமையைக் காட்டும் மேற்குறி ஒன்று. எதிரில் இருப்பவரையோ இல்லாதவரையோ முன்னிலைப்படுத்தி அழைக்கும் அணி மற்றொன்று. தமிழிலக்கணம் ‘விளி’ எனச் சுட்டுவதற்கு இரண்டாவது பொருள் மிக நெருக்கமானது. அச்சொல்லின் வினைவடிவம் ஒருவரைச் சட்டென்று, சற்றுக் கடுமையாகவும், கூப்பிட்டு நிறுத்துவதைக் குறிக்கும். நிகழ்ச்சிக்கு இப்பெயரிட்ட பெர்னார் பிவோ எழுத்துக்குறிகளின்பால் தீராத விருப்பம் உடையவர். அவருடைய முந்தைய நிகழ்ச்சியின் பெயர் ‘மேற்கோள் குறியைத் திறவுங்கள்’ என்னும் பொருளுடையது. பின்னாளில் பிரெஞ்சு நாட்டளவில் எழுத்துப்பிழையற எழுதும் போட்டிகளை நடத்தியவரும் அவரே.

பிவோ பேராசிரியரும் அல்லர், படைப்பாளராக அறியப்பட்டவரும் அல்லர். 1935இல் லியோன் நகரில் மளிகைக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். இதழியல் பயின்று, 1958இல் ‘ஃபிகாரோ லித்தெரேர்’ என்னும் இலக்கிய வார இதழில் செய்தியாளராகச் சேர்ந்தார். இலக்கியக் கோட்பாட்டில் தமக்குப் பயிற்சியில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அதனையே தம் முறையாக்கிக் கொண்டார். படித்த சாதாரண வாசகர் ஒருவர் எழுத்தாளரைச் சந்தித்தால் என்ன கேட்பாரோ அதையே அவர் கேட்டார். இம்முறையின் வலிமை, வலிமைக்குறைவு ஆகிய இரண்டும் பின்வரும் நிகழ்வுகளில் வெளிப்படும்.

1975 ஜனவரி: ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு

பிரான்சின் வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை ஒருங்கே நடத்திவந்த அரசு நிறுவனத்தைக் கலைக்கும் சட்டம் 1974 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன்படி தனித்தனி நிறுவனங்கள் 1975 ஜனவரி தொடக்கத்தில் செயல்படத் தொடங்கின. இரண்டாம் அலைவரிசை ‘ஆந்தென் 2’ என்னும் புதுப்பெயருடன் ஜனவரி 6ஆம் நாள் தொடங்கியது. அவ்வார வெள்ளிக்கிழமை, ஜனவரி 10ஆம் நாள், ‘அப்போஸ்த்ரோஃப்’ முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. 1990 ஜூன் 22ஆம் நாள் நிறைவுறும்போது 724 நிகழ்ச்சிகள் ஆகியிருந்தன.

அதே சட்டத்தின் வழியே பிறந்த மற்றொரு நிறுவனம் தேசிய ஒலி ஒளிக் காப்பகம். ஒளிபரப்பானவற்றைப் பேணுவதும் அவை பற்றிய ஆய்வை வளர்ப்பதும் அதன் பணிகளுள் அடங்கும். நிகழ்ச்சியும் அதனைக் காக்கவேண்டிய காப்பகமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தோன்றியமை தற்செயலே. ஆயினும் ஆய்வாளர்க்கு இதனால் விளைந்த பயன் பெரிது. ஐம்பதுகளின் இலக்கிய ஒளிபரப்புகள் பல நாடுகளில் பதிவின்றியே அழிந்தன. பிவோவின் நிகழ்ச்சியோ இன்றும் காணக்கிடைக்கிறது.

அக்காலப் பிரான்சில் மூன்று அலைவரிசைகளே இருந்தன என்பதும், மூன்றும் அரசுடைமை என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. கட்டண அலைவரிசை 1984 இறுதியில் வந்தது. தனியார் அலைவரிசைகள் அதன்பின்னரே பெருகின. வெள்ளிக்கிழமை இரவில் தத்துவப் பேராசிரியர் ஒருவரைப் பல லட்சம் பேர் பார்த்தனர் என்றால், அதற்குப் பிவோவின் திறமையோடு மாற்று அலைவரிசைகளின் குறைவும் காரணம். பிரெஞ்சு மக்களின் இலக்கியப் பற்றை மட்டும் புகழ்ந்துரைக்கும் நினைவுக்குறிப்புகள் இதனை எளிதில் கடந்துபோகின்றன.

ஒரு வாரத்தின் அமைப்பு

நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக நீடிக்கும். ரஹ்மானினோவின் முதல் பியானோ இசைக்கோவையின் ஒரு பகுதி தொடக்கத்தில் ஒலிக்கும். நான்கு முதல் ஆறு வரையிலான விருந்தினர்கள் வட்டமாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவரும் அண்மையில் நூல் ஒன்றை வெளியிட்டிருப்பர். அந்நூல்களை இணைக்கும் பொருள் ஒன்று அன்றைய தலைப்பாக அமையும். ஒளிபரப்பு பெரும்பாலும் நேரலை.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு வாரம் முழுவதும் இருந்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகப் படிப்பதே தம் வாழ்க்கை என்று பிவோ கூறியுள்ளார். வரலாற்றாசிரியர் பியேர் நோரா எழுப்பிய வினாக்களுக்கு அவர் அளித்த விடைகள் 1990இல் நூலாயின. அந்நூலின் தலைப்பு ‘படிக்கும் தொழில்’ எனப் பொருள்படும். ‘பேசும் தொழில்’ என்று அவர் பெயரிடவில்லை. விருந்துகளையும் பதிப்பாளர்களின் அழைப்புகளையும் அவர் பெரும்பாலும் தவிர்த்தார். எழுத்தாளரை வெள்ளிக்கிழமைக்கு முன் சந்திப்பதை அவர் விரும்பவில்லை. முதல் சந்திப்பின் ஆர்வம் கேமராவின் முன்னே நிகழவேண்டும் என்பது அவர் கருத்து.

இவற்றினும் முதன்மையான வழக்கம் ஒன்று உண்டு. விருந்தினர்கள் ஒருவர் நூலை மற்றவர் முன்கூட்டியே படித்துவருமாறு எதிர்பார்க்கப்பட்டனர். எளிய ஏற்பாடாகத் தோன்றும் இதுவே பிற உரையாடல் நிகழ்ச்சிகளினின்று ‘அப்போஸ்த்ரோஃபை’ வேறுபடுத்தியது. நெறியாளர் மட்டும் நூலைப் படித்திருந்தால் உரையாடல் நேர்காணல் ஆகும். நெறியாளரும் படிக்காதிருந்தால் அது அறிமுகவுரை ஆகும். எதிரில் அமர்ந்திருக்கும் போட்டியாளரும் படித்திருந்தால், நூலாசிரியர் தம் நூலைப் பற்றித் தாம் விரும்பியவாறெல்லாம் கூறிவிட இயலாது.

சனிக்கிழமை காலை வாரத்தின் பயன் தெரியும். புத்தகக் கடைகளில் முந்தைய இரவு பேசப்பட்ட நூல்களுக்கெனத் தனி மேசை இடப்பட்டது. பதிப்பகங்கள் நூல்வெளியீட்டு நாள்களைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையைக் கணக்கில் கொண்டன. மார்கெரித் துராஸ் 1984 செப்டம்பர் 28ஆம் நாள் தனியொரு விருந்தினராகத் தோன்றினார். நீண்ட மௌனங்களுக்கிடையே, தம் குடிப்பழக்கத்தைப் பற்றியும் மறைக்காது அவர் பேசிய அந்நிகழ்ச்சி ‘காதலன்’ நாவலைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டுசென்றது. கோன்கூர் பரிசு அவ்வாண்டு நவம்பரில்தான் வந்தது; அதற்கு முன்பே நூல் பரவியிருந்தது.

எழுதிவந்த பேச்சு

உரையாடல் என்பது அப்போதைக்கப்போது எழும் பேச்சு என்னும் நம்பிக்கையை நபக்கோவ் 1975 மே 30ஆம் நாள் கவிழ்த்தார். ‘அடா’ நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்திருந்த வேளை அது. முன்தயாரிப்பின்றிப் பேசுவதை அவர் எக்காலத்தும் ஏற்றதில்லை. வினாக்கள் முன்னரே அனுப்பப்படவேண்டும் என்றார், அனுப்பப்பட்டன. விடைகளை அட்டைகளில் எழுதிவந்து, மேசைமீது அடுக்கியிருந்த தம் நூல்களின் மறைவில் வைத்துக்கொண்டு வாசித்தார். அருகில் தேநீர்க்குடம் ஒன்று இருந்தது. அதில் இருந்தது விஸ்கி. பிவோ இடையிடையே ‘தேநீர்’ ஊற்றிக் கொடுத்தார்.

கண்டோருக்கு வேடிக்கையாக அமைந்த இக்காட்சி கோட்பாட்டு நிலையிலும் கருதத்தக்கது. வாய்மொழி போலத் தோன்றும் எழுத்தை, எழுத்து போலத் தோன்றாதவாறு நிகழ்த்துவது நாடகம். நபக்கோவ் அதனை மறைக்க அரைமனத்துடனேயே முயன்றார். எனினும் அன்று அவர் வாசித்தவற்றுள் ஒரு விடை பிற்காலத்தில் பெருமதிப்புப் பெற்றது. ‘லொலிட்டா’ என்னும் பெயர் ஆடவரை மயக்கும் சிறுமியைக் குறிக்கும் சொல்லாக உலகெங்கும் பரவியிருந்ததைச் சுட்டி, அவள் அத்தகையவள் அல்லள் என்றும், அவள் கெடுக்கப்பட்ட ஓர் ஏழைக் குழந்தை என்றும் அவர் திட்டவட்டமாகக் கூறினார். மயக்கும் சிறுமி என்னும் உருவம் கதைசொல்லியாகிய ஹம்பர்ட்டின் மனப்பிறழ்வில் பிறந்தது என்பதே அவருடைய விளக்கம். இவ்விடையின் பொருத்தம் 1990 நிகழ்ச்சியை ஆராயும்போது புலப்படும்.

முன்தயாரிப்பின் மறு எல்லையில் நிற்பது 1978 செப்டம்பர் 22. அமெரிக்க எழுத்தாளர் சார்ல்ஸ் புக்கோவ்ஸ்கி வெள்ளைத் திராட்சை மதுவைப் புட்டியோடு அருந்தி, பேச்சு தடுமாறி, நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து சென்றார். நினைவுக்குறிப்புகளில் மிகுதியாகப் பேசப்படும் இரவு இது; ஆராய்ச்சிக்குத் தரும் பொருளோ குறைவு.

அறிஞர்கள் அரங்கேறியபோது

நாவலாசிரியரைப் பேசவைப்பதைவிட அறிஞரைப் பேசவைப்பது கடினம். நாவலாசிரியரிடம் வாழ்க்கையைக் கேட்கலாம். அறிஞரிடம் வாதத்தைக் கேட்கவேண்டும். வாதத்துக்குக் காலம் வேண்டும்.

சொர்போனில் நீண்டகாலம் அறவியல் தத்துவம் கற்பித்த விளாதிமிர் ஜான்கெலெவிச் 1980 ஜனவரி 18ஆம் நாள் தோன்றினார். எழுபது வயதைக் கடந்த, மாணவர் வட்டத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாத தத்துவவாதி அவர். வேகமும் நகைச்சுவையும் கலந்த அவருடைய பேச்சைக் கேட்ட மக்கள் மறுநாள் அவர் நூல்களைத் தேடிச் சென்றனர். இதனைப் பிவோவின் வெற்றியாகக் கூறுவர். ஜான்கெலெவிச்சின் எழுத்திலேயே பேச்சின் ஓட்டம் உண்டு என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். அரை நூற்றாண்டுக் காலம் வகுப்பறையில் உருவான நடை, படப்பிடிப்பு அரங்கில் ஒலித்தது. எல்லா அறிஞர்க்கும் இது வாய்ப்பதில்லை.

புராணவியல் அறிஞர் ஜார்ஜ் துமெசில் விஷயத்தில் பிவோ வேறு வழியை மேற்கொண்டார். மகாபாரதத்தை இந்தோ ஐரோப்பிய மரபின் பின்புலத்தில் வைத்து ஆராய்ந்த வகையில் துமெசில் இந்தியவியல் மாணவர்களுக்கும் அறிமுகமானவரே. 1986 கோடையில் பிவோ அவருடைய இல்லத்துக்கே சென்றார். நாற்காலிகள்மீதும் தரைமீதும் குவிந்த நூல்களுக்கும் தாள்களுக்கும் நடுவே உரையாடல் நிகழ்ந்தது. துமெசில் அவ்வாண்டு அக்டோபரில் காலமானார். அறிஞரின் கருத்தை அவருடைய வேலைக்களத்தோடு சேர்த்துக் காட்டிய அப்பதிவு, ஒரு துறையின் வரலாற்றுக்கும் சான்று.

மிஷேல் ஃபூக்கோவின் வருகை இவை அனைத்தினும் வேறுபட்டது. ‘பாலியலின் வரலாறு’ முதல் தொகுதி வெளியாகியிருந்த நிலையில், 1976 டிசம்பர் 17ஆம் நாள் அவர் அழைக்கப்பட்டார். தம் நூலைப் பற்றிப் பேச அவர் இசையவில்லை. அவர் கையில் எடுத்தது சோவியத் ஒன்றியத்தில் சிறைத்தண்டனை பெற்ற மருத்துவர் மிகயில் ஷ்டெர்ன் வழக்கின் பதிவை. நீதிமன்றத்தில் மறைவாகப் பதிவுசெய்யப்பட்ட ஒலியிலிருந்து உருவான அந்நூல் பலரறியப் பேசப்படவேண்டியது என்பது அவர் நிலை. தமக்குக் கிடைத்த நேரத்தைப் பிறர் நூலுக்கு அளித்த விருந்தினர் 724 நிகழ்ச்சிகளில் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும் என்பது எண்ணத்தக்கது. நூலாசிரியர் என்னும் தகுதியின்மேல் ஐயம் எழுப்பிய சிந்தனையாளர், அத்தகுதியைக் கொண்டாடும் மேடையில் இவ்வாறு நடந்துகொண்டது அவர் கோட்பாட்டுக்கு முரணானதன்று.

படித்தவர் எதிரில் இருந்தபோது: 1983 மே 27

இந்நிகழ்ச்சியின் அமைப்பு தன் முழு ஆற்றலையும் காட்டிய இரவாக 1983 மே 27ஐக் கொள்ளலாம். அறிவாளர்களும் பொதுவுடைமை வரலாறும் என்பது அன்றைய பொருள். இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான மரியா அந்தோனியெத்தா மச்சோக்கி தம் வாழ்க்கைக் குறிப்பு நூலுடன் வந்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் சீனப் பண்பாட்டுப் புரட்சியைப் போற்றி அவர் எழுதிய ‘சீனாவைப் பற்றி’ பிரெஞ்சு இடதுசாரி அறிவாளரிடையே பெரும் வரவேற்புப் பெற்றிருந்தது.

எதிரில் அமர்ந்திருந்தவர் சிமோன் லேஸ். பெல்ஜிய நாட்டுச் சீனவியல் அறிஞர் பியேர் ரிக்மான்ஸின் புனைபெயர் அது. சீனாவுக்குச் செல்லும் வழி அடைபடாதிருக்க மேற்கொண்டது. ஹாங்காங்கில் வாழ்ந்த காலத்தில் சீன மொழி நாளிதழ்களையும் இதழ்களையும் நாள்தோறும் படித்துத் தொகுத்த குறிப்புகளிலிருந்து 1971இல் அவர் ‘தலைவர் மாவோவின் புத்தாடைகள்’ என்னும் நூலை உருவாக்கினார். பண்பாட்டுப் புரட்சி உண்மையில் ஓர் அதிகாரப் போராட்டம் என்பது அதன் முடிவு. அந்நூல் அன்று பாரிசில் வசைக்கே இலக்காயிற்று. பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் சீன இலக்கியம் கற்பித்துவந்தார். பாரிசின் நட்பு வட்டங்களில் எதற்கும் கடன்படாதவர்.

லேஸ் குரலை உயர்த்தவில்லை. மச்சோக்கியின் சீன நூலைத் தாம் படித்ததன் அடிப்படையில் பேசினார். அதைப் பற்றிப் பரிவோடு கூறுவதானால் முட்டாள்தனம் என்றுதான் கூறமுடியும், அவ்வாறு கூறாவிட்டால் மோசடி எனக் கூறநேரும் என்பது அவர் கூற்றின் சாரம். மச்சோக்கியால் தக்க விடையளிக்க இயலவில்லை. நிகழ்ச்சிக்குப் பின் அவருடைய நூலின் விற்பனை சரிந்ததாகப் பிவோ பின்னாளில் நினைவுகூர்ந்தார். நிகழ்ச்சியில் தோன்றினாலே நூல் விற்கும் என்னும் பொதுக்கருத்துக்கு இது மறுப்பு.

இங்கு நிகழ்ந்தது யாது? பன்னிரண்டு ஆண்டுகள் அச்சில் நிகழவேண்டிய விவாதம் சில நிமிடங்களில் முடிவுற்றது. லேஸின் வாதங்களுள் புதியது எதுவும் இல்லை. அனைத்தும் 1971 முதலே நூல்வடிவில் கிடைத்தன. அச்சில் ஒரு நூலைப் புறக்கணிக்கலாம், மதிப்புரை எழுதாமல் விடலாம். நேருக்கு நேர் அமர்ந்திருப்பவரைப் புறக்கணிக்க இயலாது. சீனமொழி அறிந்தவரும் அறியாதவரும் ஒரே வட்டத்தில் அமர்ந்தபோது, எவர் எதை அறிந்து எழுதினார் என்பது எவ்விதக் கோட்பாட்டு விளக்கமும் இன்றி வெளிப்பட்டது. அரங்கில் பிவோவுக்குச் சீனவியல் தெரியவேண்டியிருக்கவில்லை. தெரிந்தவரை அழைத்து, அவர் பேசும்போது குறுக்கிடாதிருந்ததே அவர் ஆற்றிய பணி.

மூன்று மறுப்புகள்

இந்நிகழ்ச்சிக்கு எதிராக எழுந்த மறுப்புகளை ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. அவை வெவ்வேறு இடங்களைத் தாக்குகின்றன.

1977 மே 27ஆம் நாள் ‘புதிய தத்துவவாதிகள்’ எனப்பட்ட பெர்னார் ஆன்ரி லெவி, ஆந்த்ரே க்ளுக்ஸ்மன் ஆகியோர், அவர்களை மறுத்து நூலெழுதிய இருவருடன் ஒரே அரங்கில் தோன்றினர். மறுப்பாளர்களும் அழைக்கப்பட்டிருந்தும், இளமையும் சொல்வளமும் மிக்க லெவியின் உருவமே மக்கள் மனத்தில் நிலைத்தது. சில நாள்களில் ஜில் தெலூஸ் ஒரு கூர்மையான எதிர்வினையை எழுதினார். நூல் பேசுவதைவிட நூலைப் பற்றிப் பிறரைப் பேசவைப்பதே முதன்மையாகிவிட்டது என்றும், இப்போக்கின் எல்லையில் நூல் என ஒன்று இல்லாமலே போனாலும் குறையில்லை என்றும் அவர் வாதிட்டார். எதிர்ப்பாளரை அழைத்துவிட்டாலே உரையாடல் நேர்மையாகிவிடாது என்பதற்கு 1977ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. மச்சோக்கிக்கு எதிராக லேஸிடம் இருந்தது சீன மூலங்கள் பற்றிய நேரடி அறிவு. லெவிக்கு எதிராக இருந்தவை பொதுநிலைக் கருத்துகள். தோற்றப்பொலிவு வெல்வதும் தோற்பதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்ததாகத் தோன்றுகிறது.

ரெஜி தெப்ரேயின் மறுப்பு அதிகாரம் பற்றியது. 1979இல் வெளியான நூலில் அவர் பிரெஞ்சு அறிவாளர் வரலாற்றைப் பல்கலைக்கழகக் காலம், பதிப்பகக் காலம், ஊடகக் காலம் என மூன்றாகப் பகுத்தார். மூன்றாவது 1968 முதல் தொடங்குகிறது. குடியரசுத் தலைவர் மித்தராந்தின் ஆலோசகராக இருந்தபோது, 1982இல் மொன்ட்ரியலில் பேசுகையில், நூற்சந்தையைத் தனியொருவர் ஆள்வதாகப் பிவோவைச் சாடினார். பெரும் சர்ச்சை எழுந்தது. அரசின் ஆலோசகர் ஒருவர் அரசுத் தொலைக்காட்சியின் நெறியாளரைச் சர்வாதிகாரி என்பது சற்று விந்தையே. ஆயினும் எந்நூல் பேசப்படவேண்டும் என்பதை ஒருவரின் விருப்பம் தீர்மானித்தது என்னும் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. பிவோவின் நேர்மையை எவரும் ஐயுறவில்லை. ஒருவரின் நேர்மையையே நம்பி ஒரு நாட்டின் நூலுலகம் இயங்கலாமா என்பதே வினா.

பியேர் பூர்தியு 1996இல் ‘தொலைக்காட்சி பற்றி’ என்னும் சிறுநூலில் காலக்குறைவை மையப்படுத்தினார். அவசரத்தில் சிந்திப்பவர்களையே தொலைக்காட்சி விரும்புகிறது என்றார். அவரும் 1979 டிசம்பரில் வரலாற்றாசிரியர் பெர்னான் பிரோதெலுடன் ‘அப்போஸ்த்ரோஃப்’ அரங்கில் அமர்ந்தவரே. ஒரு மணி நேரத்துக்கு மேல் நூல் குறித்தே பேச இடமளித்த நிகழ்ச்சியை, தொண்ணூறுகளின் துண்டு துண்டான விவாதங்களோடு ஒன்றாக வைத்து எடைபோடுவது முழுமையாகப் பொருந்துமா என்பது ஆய்வுக்குரியது.

படித்தும் பேசாதவர்கள்: 1990 மார்ச் 2

நிகழ்ச்சி நிறைவுறுவதற்கு நான்கு திங்களுக்கு முன் நிகழ்ந்த உரையாடலை மேற்கூறிய மறுப்புகளுள் எதுவும் முன்னறியவில்லை. எழுத்தாளர் கப்ரியேல் மட்ஸ்நெஃப் தம் நாட்குறிப்பின் ஒரு தொகுதியுடன் வந்திருந்தார். பதின்வயதுச் சிறுமியருடன் கொண்ட பாலுறவுகளை அவர் தம் நூல்களில் வெளிப்படையாகவே எழுதிவந்தவர். பிவோ அதனை நகைச்சுவைத் தொனியில், பாலியல் கல்வியாசிரியர் என்பது போன்ற குறிப்புடன், அறிமுகப்படுத்தினார். சுற்றியிருந்தோர் முறுவலித்தனர்.

கியூபெக்கைச் சேர்ந்த இதழாளரும் நாவலாசிரியருமான தெனீஸ் பொம்பார்தியே தம் முறை வந்தபோது தாம் வேறோர் உலகில் இருப்பதுபோல் உணர்வதாகக் கூறினார். தம் நாட்டில் இவ்வாறு எழுதினால் சட்டத்தின் முன் விடைசொல்ல நேர்ந்திருக்கும் என்றார். இலக்கியம் எதற்கும் சாக்காக முடியாது என்றார். அச்சிறுமியர் பின்னாளில் என்ன ஆவர் என்றும் கேட்டார். மட்ஸ்நெஃப் சினந்தார். மற்றவர்களுள் எவரும் பொம்பார்தியேக்குத் துணைநிற்கவில்லை. பின்வந்த நாள்களில் பாரிசின் இலக்கிய வட்டாரத்தினர் சிலர் இழிசொற்களால் தாக்கியது அவரைத்தான்.

1983 மே நிகழ்ச்சியோடு இதனை ஒப்பிடுவது தேவை. இரண்டிலும் அமைப்பு ஒன்றே; நூல்கள் படிக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் எதிர்த்துப் பேசியவர் பாரிசுக்கு வெளியிலிருந்து வந்தவர். லேஸ் கான்பெராவிலிருந்து வந்தார், பொம்பார்தியே மொன்ட்ரியலிலிருந்து வந்தார். லேஸின் எதிரில் இருந்தது தவறான செய்தி. அதனைச் சான்று கொண்டு மறுக்க முடிந்தது. பொம்பார்தியேயின் எதிரில் இருந்தது முற்றிலும் வெளிப்படையாகக் கூறப்பட்ட உண்மை. எவரும் எதையும் மறைக்கவில்லை. ‘இது இலக்கியம்’ என்னும் ஒரே சொல்லால் அனைவரும் அதனைக் கேட்டும் கேளாதவராயினர். விருந்தோம்பலின் நயம் உரையாடலுக்கு உயிர். அன்று அந்நயமே திறனாய்வைத் தடுத்துநின்றது. பிவோவின் முறை படித்த வாசகரின் ஆர்வத்தை அடிப்படையாகக் கொண்டது என்று முன்னர்க் கூறப்பட்டது. ஆர்வம் மட்டும் போதாத இடம் இது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே நிகழ்ச்சியில், இதே நெறியாளரிடம், நபக்கோவ் தம் அட்டையிலிருந்து வாசித்த விடை இங்கு நினைவுகூரத்தக்கது. சிறுமியின் பக்கத்திலிருந்து கதையைப் பார்க்கவேண்டும் என்பதை ஒரு நாவலாசிரியர் தம் கற்பனைப் பாத்திரத்துக்காக வற்புறுத்தியிருந்தார். 1990இல் பேசப்பட்டோர் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர்.

பதிவு மீண்டும் காணப்பட்டபோது

ஒலி ஒளிப் பதிவுகளையும் சட்டப்படி வைப்பு நூல்களைப்போல் காக்கும் முறையைப் பிரான்ஸ் 1992இல் ஏற்படுத்தியது. தேசிய நூலகத்தில் ஆய்வாளர்கள் இப்பதிவுகளைக் காணும் வசதியும் பின்னர் அமைந்தது. நிகழ்ச்சியின் எழுத்துப்படி மட்டும் கிடைத்திருந்தால், 1990 மார்ச் நிகழ்ச்சியில் பொம்பார்தியேயின் சொற்களும் மட்ஸ்நெஃபின் மறுமொழியும் தெரிந்திருக்கும். ஏனையோரின் முறுவல் தெரிந்திருக்காது. எழுத்தாளர் உரையாடல்களை ஆய்வுமூலமாகக் கொள்வோர் பேசியவற்றோடு நில்லாது, பேசாதவர்களின் முகத்தையும் தரவாகக் கொள்ளவேண்டியிருப்பதற்கு இதுவே தக்க எடுத்துக்காட்டு.

பதிப்பாசிரியர் வனெஸ்ஸா ஸ்ப்ரெங்கோரா, பதினான்கு வயதில் மட்ஸ்நெஃபிடம் தாம் அகப்பட்ட வரலாற்றை ‘இசைவு’ என்னும் நூலாக 2020 ஜனவரியில் வெளியிட்டார். நூல் வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே 1990ஆம் ஆண்டுப் பதிவு இணையத்தில் மீண்டும் பரவியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலக்கியம் ஒழுக்கத்துக்கு முன் வைக்கப்பட்டது, இன்று ஒழுக்கம் இலக்கியத்துக்கு முன் நிற்கிறது எனப் பிவோ முதலில் எழுதினார்; கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர், அன்று தமக்கு வேண்டியிருந்த தெளிவும் மனவலிமையும் இல்லாமற்போயின என ஒப்பி, வருத்தம் தெரிவித்தார். கலிமார் பதிப்பகம் மட்ஸ்நெஃபின் நாட்குறிப்புத் தொகுதிகளின் விற்பனையை அம்மாதத்திலேயே நிறுத்தியது. பொம்பார்தியே 2023 ஜூலையிலும், பிவோ 2024 மே 6ஆம் நாளிலும் காலமாயினர். நாட்குறிப்புகள் கடைகளில் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை இரவின் பதிவு காப்பகத்தில் உள்ளது.